ஒழுகட்டும்

ஏப்ரல் 20, ஞாயிறு

வீட்டில் யாரோ மூச்சு விடுகிறார்கள் என்று நினைத்தேன். காலையில் நாளிதழை விரித்து உட்கார்ந்தால் பாத்ரூமுக்குள் ‘உஸ்ஸ்’ என்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் ஆள் இல்லை. ஃப்ளஷ் டேங்க் தானாக நிரம்பிக்கொண்டிருக்கிறது. நிரம்பியதும் நின்றது. திரும்பி வந்து தலையங்கத்தைப் பாதி படிப்பதற்குள் மறுபடி ‘உஸ்ஸ்’. யாரும் தொடாத டேங்க் ஏன் காலியாகிறது?

காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. காலமெல்லாம் கல்லூரியில் இயற்பியல் ஆய்வகத்தைக் கட்டி மேய்த்தவன் நான். டேங்கின் அடியில் ஒரு ஓட்டை, அதன் மேல் ஒரு ரப்பர் மூடி. வெளியே இருக்கும் பிடியை அழுத்தினால் ஒரு சங்கிலி அந்த மூடியைத் தூக்கும், தண்ணீர் கழிப்பறைக் கோப்பைக்குள் இறங்கும். பிடியை விட்டால் மூடி உட்காரும், டேங்க் நிரம்பும். அவ்வளவுதான் சங்கதி. மூடி சரியாக உட்காராவிட்டால் கசியும். ஆனால் அனுமானம் வேறு, நிரூபணம் வேறு. டேங்கில் நிறம் கரைத்துவிட்டுக் கோப்பையில் அந்த நிறம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். அடுப்படியிலிருந்து மஞ்சள்தூள் டப்பாவை எடுத்துவந்து தாராளமாகக் கொட்டினேன். கோப்பைக்குள் மஞ்சள் இறங்கியது. நிரூபணம் ஆயிற்று.

அரசி பார்த்துவிட்டாள். முழுப்பெயர் மங்கையர்க்கரசி. கல்யாணமான புதிதில் நான் சுருக்கியது.

“என்னங்க இது? மஞ்சளக் கொண்டாந்து இங்க கொட்டுவாங்களா? வெள்ளிக்கெழம நெலவாசப்படிக்குப் பூசற மஞ்சளு அது.”

“சோதனை பண்றேன்.”

“அதுக்கு ஒங்களுக்கு மஞ்சள்தான் கெடச்சுதா?”

டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு நொண்டி நொண்டிப் போனாள். ஜனவரியில் வலது முட்டியில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அவளுக்குக் கோபம் வந்தாலும் வேகமாகப் போக முடிவதில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே சரிசெய்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

ஞாயிறு வரை பொறுக்கவில்லை. டேங்கின் மேல்மூடியைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. ரப்பர் மூடி இருக்கிறது, சங்கிலி இருக்கிறது. நான் வைத்திருக்கும் தண்ணீர் பாட்டில் மட்டும் சாய்ந்திருந்தது. நிமிர்த்தி வைத்தேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். ஒரு சொட்டு கசியவில்லை.

அந்தப் பாட்டிலுக்கு ஒரு பெருமை உண்டு. எங்கள் சேலையூர் குடியிருப்பில் தண்ணீர் லாரிக்கு நாயாய் அலைந்த ஒரு கோடையில், ஃப்ளஷ் டேங்குக்குள் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி வைத்தால் அந்த அளவுக்குத் தண்ணீர் ஒவ்வொரு முறையும் மிச்சம் என்று கூட்டத்தில் எழுந்து சொன்னவன் நான். செயலாளர் மாசிலாமணி எல்லா வீட்டுக்கும் அதையே சட்டமாக்கினார். இந்த வருஷம் பங்குனியில் இன்னும் பெரிய, உயரமான பாட்டிலாக மாற்றினேன். மற்றவர்களிடமும் மாற்றச் சொல்லியிருக்கிறேன். இதுவரை நன்றி சொன்னவர் எவரும் இல்லை. சரி, போகட்டும்.

நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது அரசி கதவோரம் வந்து நின்றாள். “ஏங்க, அந்தப் பாட்டிலு...” என்று ஆரம்பித்தாள். “கொஞ்சம் இரு” என்றேன். வேலை நடக்கும்போது பேச்சுக் கொடுத்தால் எனக்குக் கை ஓடாது. கொஞ்சம் நின்றுவிட்டுப் போய்விட்டாள்.

ஏப்ரல் 23, புதன்

ஒழுகுகிறது. திறந்து பார்த்தால் ஒழுகுவதில்லை, மூடிவிட்டு வந்தால் ஒழுகுகிறது. இது என்ன கூத்து என்று புரியவில்லை.

ஏப்ரல் 25, வெள்ளி

மொட்டைமாடித் தொட்டி விடியும் முன்பே காலியாம். மாசிலாமணி ஒவ்வொரு வீடாகக் கதவைத் தட்டி, “எந்த வீட்ல சார் லீக்கு?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். என் வீட்டுக் கதவைத் தட்டவே இல்லை. “ஒங்க வீட்ட நான் சந்தேகப்படுவனா சார்” என்று மாடிப்படியிலேயே கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பிளம்பரைக் கூப்பிட்டால் வாட்ச்மேன் பார்ப்பான். வாட்ச்மேன் பார்த்தால் ஊரே பார்த்த மாதிரி. பாட்டில் போடச் சொன்ன தெய்வநாயகம் வீட்டிலேயே தண்ணீர் ஆறாக ஓடுகிறதாம் என்று பேச்சாகும். அதனால் ஒரு ஏற்பாடு செய்தேன். டேங்குக்குத் தண்ணீர் வரும் குழாயை அடைத்துவிட்டேன். பிளம்பர்கள் ஆங்கிள் காக் என்பார்களே, அது. இனி டேங்க் நிரம்பாது, ஒழுகவும் ஒழுகாது. பக்கத்தில் வாளியில் தண்ணீர் பிடித்துக் கோப்பையில் ஊற்றிவிட வேண்டியதுதான். ஃப்ளஷ் இல்லாத காலத்தில் மனிதர்கள் வாழவில்லையா?

அரசி மறந்துபோய்க் குழாயைத் திறந்துவிடக்கூடும். அதனால் அதைத் திறந்து மூடும் திருகைக் கழற்றி என் அலமாரியில் வைத்துக்கொண்டேன்.

“வாளியத் தூக்கணுங்களா?” என்றாள்.

“பாதி வாளி போதும்.”

அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தால் சரி என்றுதானே அர்த்தம்?

ஏப்ரல் 29, செவ்வாய்

ஹார்டுவேர் கடைக்குப் போய்ப் புது ரப்பர் மூடி வாங்கினேன். கடைக்காரர் ராஜஸ்தான்காரர், என்னைவிட நன்றாகத் தமிழ் பேசுகிறார். “சின்னதா, பெருசா சார்?” என்றார். எனக்குத் தெரியவில்லை. அதைக் காட்டிக்கொள்ளாமல், “ரெண்டுலயும் ஒண்ணு குடுங்க” என்றேன். பெரியதுதான் பொருந்தியது.

பாட்டிலை வெளியே எடுத்து, பழைய மூடியைக் கழற்றி, புதியதை மாட்டி, பாட்டிலை உள்ளே வைத்துத் திருகைப் போட்டுக் குழாயைத் திறந்தேன். ஒழுகவில்லை. அரசியைக் கூப்பிட்டுக் காட்டினேன். “நல்லதுங்க” என்றாள், முகத்தில் ஒரு வெளிச்சம். சாயங்காலம் அவள் உள்ளே போய்விட்டு வந்த பிறகு மறுபடி ‘உஸ்ஸ்’. நீ பிடியை ரொம்ப அழுத்துகிறாய் என்று சொன்னேன். குழாயை அடைத்துத் திருகைக் கழற்றிவிட்டேன்.

மே 3, சனி

வெயில் மண்டையைப் பிளக்கிறது. நான் பானைத் தண்ணீரை மொண்டு மொண்டு குடிக்கிறேன். அரசிக்கு வெயில் பழகிவிட்டது போலிருக்கிறது. காலையில் அவள் பக்கத்தில் வைத்த சொம்பு சாயங்காலம்வரை அப்படியே நிறைந்திருக்கிறது. உடம்பு எல்லாவற்றுக்கும் பழகிக்கொள்கிறது, ஆச்சரியம்தான்.

கீழ்வீட்டுக்காரம்மாவிடம் பிளம்பர் நம்பர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறாளாம். யாரைக் கேட்டு வாங்கினாய் என்று கொஞ்சம் சத்தம் போட்டேன். நாளைக்கு ஞாயிறு, நானே முடித்துவிடுவேன்.

மே 4, ஞாயிறு

முடியவில்லை. சங்கிலியின் நீளத்தைக் கூட்டிப் பார்த்தேன், குறைத்துப் பார்த்தேன். என் அறிவுக்கு எட்டாத ஏதோ ஒன்று அந்தப் பெட்டிக்குள் நடக்கிறது.

மே 6, செவ்வாய்

இன்று அரசி பாத்ரூமில் கால் வழுக்கி உட்கார்ந்துவிட்டாள். விழவில்லை, உட்கார்ந்தாள். வாளி கவிழ்ந்து தண்ணீர் முழுக்கக் கொட்டிக்கிடந்தது. சுவரைப் பிடித்தபடி வலது கையை ஊன்றி உட்கார்ந்திருந்தாள். தூக்கிவிட்டேன். கை லேசாக வீங்கியிருக்கிறது. தைலம் தேய்த்தேன். “டாக்டர் கிட்ட போவலாமா?” என்று நான் கேட்டதும் உண்மை, “வேணாங்க” என்று அவள் சொன்னதும் உண்மை.

பாதி வாளி என்றுதான் சொல்லியிருந்தேன். முக்கால் பிடித்திருக்கிறாள்.

மே 7, புதன்

அரசியின் தங்கை திலகவதி விருத்தாசலத்திலிருந்து காலை ரயிலில் வந்து இறங்கினாள். யார் போன் செய்தது என்று தெரியவில்லை. வந்தவள் என்னிடம் சரியாகப் பேசவே இல்லை. அக்காவின் கையைப் பார்த்தாள், பாத்ரூமைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள். “கொஞ்ச நாளு எங்கூட இருக்கட்டும் மாமா” என்றாள். மாற்றமும் நல்லதுதான் என்று நானும் ஒத்துக்கொண்டேன்.

ஆட்டோவில் ஏறும்போது அரசி சொன்னாள், “ஃப்ளஷ் சரியானதும் சொல்லுங்க, வந்துடறேன்.”

“ஒரு வாரத்துல கூப்பிடறேன்” என்றேன்.

மே 9, வெள்ளி

ரசம் வைத்தேன். புளி தூக்கல். வீட்டில் சத்தமே இல்லை. அந்த ‘உஸ்ஸ்’கூட இல்லை, குழாய் அடைத்திருக்கிறது.

மே 13, செவ்வாய்

வெட்கத்தை விட்டு பிளம்பரைக் கூப்பிட்டேன். அரசி காலண்டருக்குப் பின்னால் எழுதி ஒட்டியிருந்த நம்பர்தான். ஆரோக்கியசாமி என்று பெயர், வாய் ஓயாத ஆள். வாட்ச்மேன் என்ன ஏது என்று கேட்டதற்கு, அவரே, “சார் வீட்ல ஃப்ளஷ் ஒழுவுது” என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிக்கொண்டு மேலே வந்தார்.

டேங்கில் இருந்த எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புது செட் மாட்டினார். அதிலும் அதே மாதிரி மூடி, அதே மாதிரி சங்கிலி. பாட்டிலை எடுத்து ஜன்னல் திட்டில் வைத்தார். திரும்பத் திரும்ப அழுத்திக் காட்டினார். “ஆயுசுக்கும் ஒழுவாது சார்” என்றார். நான் ஒரு நாற்காலியைப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்து பார்த்தேன். உண்மையிலேயே ஒழுகவில்லை.

உடனே அரசிக்குப் போன் போட்டேன். “சரியாயிடுச்சு அரசி. புது செட்டு. கெளம்பி வா.”

அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றது. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

“ஓ” என்றாள். “சரியாயிடுச்சுங்களா.”

“ஆயிடுச்சு. நாளைக்கே வந்துடு, ஸ்டேஷனுக்கு வரேன்.”

“இல்லங்க... இங்க மாங்கா ஊறுகா போட்டுருக்கோம். பாதில விட்டுட்டு வர முடியாது.”

“கை வலியோட எப்படி ஊறுகா போடற?”

“திலகா போடறா. நான் பாத்துக்கிட்டு இருக்கேன்.”

ஊறுகாயைப் பார்த்துக்கொண்டிருக்க ஒரு ஆள் வேண்டுமா? எனக்கு ஒன்றும் புரியவில்லை.

மே 14, புதன்

எப்படியும் வந்துவிடுவாள். பாத்ரூமைப் பினாயில் ஊற்றிக் கழுவினேன். ஆரோக்கியசாமி ஜன்னல் திட்டில் போட்டுவிட்டுப் போயிருந்த பாட்டிலைத் திரும்ப டேங்குக்குள் வைத்தேன். பொறுப்பில்லாத ஆள்.

மே 15, வியாழன்

ஒழுகுகிறது!

ஆரோக்கியசாமிக்குப் போன் செய்து நன்றாகக் கேட்டுவிட்டேன். “நான் போறப்ப நல்லாத்தான சார் இருந்துச்சு. நீங்கதான நாக்காலி போட்டுப் பாத்தீங்க?” என்கிறார். அதுவும் நிஜம்தான். போனை வைத்துவிட்டு, குழாயை அடைத்துத் திருகை மறுபடி அலமாரியில் வைத்தேன்.

அரசியிடம் சொல்ல வேண்டுமே என்று தயங்கித் தயங்கித்தான் கூப்பிட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன். “மறுபடி ஒழுகுது அரசி” என்றேன்.

“அப்படிங்களா” என்றாள். குரலில் ஒரு நிம்மதி. எத்தனை வருஷமாகக் கேட்கிற குரல், எனக்குத் தெரியாதா? பெரிய டம்ளரில் மோர் குடித்தவள் மாதிரி பேசினாள். ஊறுகாய் நன்றாக வந்திருக்கிறதாம். கோயிலுக்குப் போனாளாம். “நீங்க மெதுவா சரி பண்ணுங்க, ஒண்ணும் அவசரமில்ல” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

ஃப்ளஷ் சரியானால் குரல் இறங்குகிறது. ஒழுகினால் குரல் ஏறுகிறது. தலைகீழாக இருக்கிறதே.

மே 18, ஞாயிறு

குழாயைத் திறந்துவிட்டு மறுபடி சோதனை. மஞ்சள் எடுக்கக் கை வரவில்லை. துணிக்குப் போடுகிற சொட்டு நீலத்தை ஊற்றினேன். கொஞ்சம் அதிகமாகிவிட்டது. கோப்பை, தரை, என் வேட்டி, விரல் எல்லாம் நீலம். தேய்த்தாலும் போகவில்லை. அவள் இருந்தால் எலுமிச்சம்பழமோ என்னவோ சொல்வாள்.

நீலக் கையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். அவள் வராமலே இருந்துவிட்டால் என்ன செய்வது என்று திடீரென்று தோன்றியது. இதுவரை அப்படி ஒரு எண்ணம் எனக்கு வந்ததே இல்லை. பயமாக இருக்கிறது. நான் என்ன செய்துவிட்டேன்? அடித்தேனா, வைதேனா? ஒரு ஃப்ளஷ் ஒழுகியது, அவ்வளவுதானே?

மே 21, புதன்

திலகவதியே கூப்பிட்டாள். நானாகவே ஆரம்பித்தேன். “அக்காவுக்கு என்னம்மா கோபம்? நேராச் சொல்லச் சொல்லு. கையில லேசா வீக்கம், அதுவும் இந்நேரம் வத்தியிருக்கும்.”

“லேசா வீக்கமா? மணிக்கட்டு எலும்பு விரிசல் விட்டுருக்கு மாமா. மாவுக்கட்டு போட்டுருக்கு. ஒங்க கிட்ட சொல்ல வேணாம்னுட்டா, நானும் சொல்லல.”

நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.

“அது கூடப் பரவால்ல” என்றாள். “இங்க வந்தப்ப காய்ச்சலு. நீர்க்கடுப்பு. டாக்டரம்மா கேட்டாங்க, தண்ணியே குடிக்கறதில்லயாம்மான்னு. அக்கா வாயத் தெறக்கல. அப்புறம் எங்கிட்ட சொல்லி அழுவுறா மாமா. குடிச்சா பாத்ரூம் போவணும், போனா வாளியத் தூக்கணும், அதனால குடிக்கறதையே கொறச்சுக்கிட்டேன்னு.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா கேக்கற ஆளா மாமா நீங்க? அந்தத் திருகக் கழட்டி அலமாரில வெச்சீங்களாமே. அது ஒண்ணுதான் அவளால தாங்க முடியல.”

தண்ணீர் வீணாகக்கூடாது என்றுதானே எடுத்து வைத்தேன்? வேறு எதற்கு வைக்கப் போகிறேன்? திலகவதி சொல்வது எனக்கு விளங்கவில்லை.

மே 22, வியாழன்

சொம்பு அப்படியே நிறைந்திருந்ததே.

மே 24, சனி

ஒரு சோதனை செய்தேன். இதற்கு நிறம் எதுவும் தேவைப்படவில்லை. வலது முட்டியை மடக்க முடியாதபடி துண்டால் இறுக்கக் கட்டிக்கொண்டேன். வாளியைக் குழாயடியில் வைத்துப் பாதி பிடித்தேன். பாதி ஊற்றினால் கோப்பையில் சரியாக இறங்கவில்லை, முக்கால் வேண்டியிருக்கிறது. முக்கால் பிடித்துத் தூக்கினேன். குனியவும் முடியவில்லை, நிமிரவும் முடியவில்லை. காலை இழுத்து வைத்தேன், வாளி முட்டியில் இடித்து, தண்ணீர் தளும்பிக் காலடியில் கொட்டியது. சுவரைப் பிடித்துக்கொண்டேன். எங்கே பிடித்தேன் என்று பார்த்தால், பெயிண்ட் மேல் ஏற்கெனவே விரல் தடங்கள் அழுக்காகப் பதிந்திருந்தன. சின்ன விரல்கள்.

துண்டை அவிழ்த்துவிட்டு அங்கேயே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டேன். விழுந்திருக்கிறாள். அவள் உட்காரவில்லை, விழுந்திருக்கிறாள்.

மே 25, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன். பெரிய மூளை ஒன்றும் தேவைப்படவில்லை. இத்தனை நாளும் டேங்கைத் திறப்பேன், சாய்ந்திருக்கும் பாட்டிலை நிமிர்த்துவேன், பார்ப்பேன், மூடுவேன். திறந்து வைத்தபடியே ஒரு தடவைகூடப் பிடியை அழுத்திப் பார்த்ததில்லை. இன்று அலமாரியிலிருந்து திருகை எடுத்து வந்து மாட்டி, டேங்கை நிரப்பி, அழுத்தினேன்.

தண்ணீர் மடமடவென்று இறங்கியது. தண்ணீர் இருக்கும்வரை பாட்டில் நிமிர்ந்து நின்றது. இறங்கியதும் பிடிமானம் இல்லாமல் மெதுவாகச் சாய்ந்தது. சாய்ந்து, நேராகச் சங்கிலியின் மேல் படுத்துக்கொண்டது. சங்கிலி இறுகியது. ரப்பர் மூடி ஒரு நூல் அளவுக்குத் தூக்கிக்கொண்டு நின்றது. அந்த நூல் அளவு இடுக்கு வழியாகத்தான் இத்தனை நாளும் ஓடியிருக்கிறது. ரப்பர்மேல் குற்றமில்லை, ஆரோக்கியசாமிமேல் குற்றமில்லை, பிடியை அழுத்திய அரசிமேலும் குற்றமில்லை. நான் பெருமையாகக் கொண்டுபோய் வைத்த பெரிய பாட்டில்.

“ஏங்க, அந்தப் பாட்டிலு...” என்று அவள் கதவோரம் நின்று சொல்ல வந்ததை நான் சொல்லவிட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். தெரிந்திருக்கிறது அவளுக்கு. கொஞ்சம் இரு என்றேன். இருந்திருக்கிறாள்.

பாட்டிலை எடுத்து, தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டேன். திருகைக் குழாயிலேயே இறுக்கி வைத்தேன். இனி அது கழலாது. டேங்க் நிரம்பி நின்றது. அழுத்தினேன், நிரம்பியது, நின்றது. மறுபடி அழுத்தினேன். காதைக் கொடுத்துக் கேட்டேன். சத்தமே இல்லை.

போனைக் கையில் எடுத்தேன். ‘சரியாயிடுச்சு, வா’ என்று சொல்லத்தான் எடுத்தேன். அப்புறம் போன தடவை அவள் சொன்ன அந்த ‘ஓ’ ஞாபகம் வந்தது. சரியாகிவிட்டது என்று சொன்னால் அவள் வந்தாக வேண்டும். வரமாட்டேன் என்று என் முகத்துக்கு நேராகச் சொல்லும் பழக்கம் அவளுக்கு இல்லை. நான் பழக்கவில்லை. இத்தனை நாளும் அவளுக்குப் பதிலாக ஃப்ளஷ்தான் அதைச் சொல்லிக்கொண்டிருந்தது. அதையும் நான் இன்றைக்கு அடைத்துவிட்டேன்.

போனை மேசையில் வைத்துவிட்டேன்.

மே 26, திங்கள்

அவளே கூப்பிட்டாள். சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். கை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “திலகா சொல்லிட்டாளா” என்றாள். ஆமாம் என்றேன். அதற்கு மேல் அதைப் பற்றி இருவரும் பேசவில்லை.

“ஃப்ளஷ் என்னாச்சுங்க? சரியாயிடுச்சா?”

என் ஆயுளில் சோதனை முடிவை மாற்றிச் சொன்னது கிடையாது. மாணவர்கள் மாற்றி எழுதினால் நோட்டைத் தூக்கி வீசுவேன்.

“இல்ல அரசி. இன்னும் ஒழுகுது.”

“ம்.”

“நாளாகும் போலருக்கு. நீ அவசரப்பட வேணாம். ஒடம்பு நல்லா ஆகட்டும், ஒனக்கா தோணறப்ப பாத்துக்கலாம்.”

திலகவதி வீட்டுக் குக்கர் விசில் அடிப்பது கேட்டது.

“பாட்டில வெளிய எடுத்தீங்களா?” என்றாள்.

“எடுத்துட்டேன்.”

“எப்ப?”

“நேத்து.”

“அத எடுத்துட்டா எப்படிங்க ஒழுவும்?”

எத்தனை பிள்ளைகளை நிற்க வைத்து இப்படிக் கேள்வி கேட்டிருப்பேன். அவர்கள் முழித்த மாதிரியே முழித்துக்கொண்டு நின்றேன்.

“தெரியல” என்றேன்.

அந்தப் பக்கம் ஒரு பாத்திரம் வைக்கும் சத்தம். அப்புறம் அவள் தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது. நிதானமாக, மடக் மடக்கென்று, நிறைய குடித்தாள். நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டேன்.

“சரி” என்றாள். “ஒழுகட்டும். நான் சொல்றப்ப நிறுத்துனா போதும்.”

ஜூன் 1, ஞாயிறு

குடியிருப்புக் கூட்டம். எழுந்து நின்று, லீக் என் வீட்டில்தான், பெரிய பாட்டிலால் வந்தது, எல்லோரும் எடுத்துவிடுங்கள் என்று சொன்னேன். காதெல்லாம் சூடாகிவிட்டது. சிரிப்பார்கள் என்று நினைத்தேன். இரண்டாவது மாடிக்காரர், “எங்க வீட்லயும் ஒழுவுது சார், ஒங்களுக்குத் தெரிஞ்சா அசிங்கம்னு குழாய அடச்சு வெச்சிருக்கோம்” என்றார். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியவில்லை.

ஜூன் 4, புதன்

ஆரோக்கியசாமியை வரவழைத்து மன்னிப்புக் கேட்டேன். கோப்பைக்குப் பக்கத்தில், சுவரில் அந்த விரல் தடங்கள் இருந்த இடத்தில், கெட்டியான கைப்பிடிக் கம்பி ஒன்று மாட்டச் சொன்னேன். என் முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்த்தேன். “நாக்காலி வேணுமா சார்?” என்று கிண்டல் செய்துவிட்டுப் போனார்.

ஜூன் 6, வெள்ளி

டேங்கில் சத்தமே இல்லை. அரசி இன்னும் சொல்லவில்லை.

ஒழுகுகிறது.

ஜூன் 9, திங்கள்

அரசி போன். மாவுக்கட்டுப் பிரிக்க இன்னும் நாள் ஆகுமாம். வைக்கும் முன், “இன்னும் ஒழுவுதா?” என்றாள்.

“ஒழுகுது” என்றேன்.

“சரி” என்றாள். சிரித்த மாதிரி இருந்தது. சரியாகத் தெரியவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

போன் வரவில்லை. ஒழுகுகிறது. எத்தனை நாள் வேண்டுமானாலும் ஒழுகட்டும் என்று எழுதிவைக்க ஆசைதான். ஆனால் அப்படி எழுதினால் பொய். வந்துவிட்டால் தேவலை.

ஜூன் 21, சனி

அரசியின் சொம்பை நான் புளி போட்டுத் துலக்கிக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கையெல்லாம் புளி, முழங்கையால் எடுத்துக் காதில் வைத்தேன். அரசிதான். சாப்பிட்டீர்களா என்றுகூடக் கேட்கவில்லை.

“நிறுத்திடுங்க” என்றாள்.